மஞ்சள் துணிக்குக் கீழே இருந்த கட்டு

மாரியம்மன் புண்ணியத்தில் நான் எழுந்து நடக்கிறேன். காலையில் விளக்கேற்றி, நெற்றிக்கு நீறு பூசி, வாய்க்கால் வரைக்கும் போய்க் கரும்பைப் பார்த்துவிட்டு வருகிறேன். என் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவர் எழவில்லை. அவரை விட்டுவிட்டு என் நோயை மட்டும் எழுதினால் அது பாதிக் கதைதான். நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததில் ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

ஆஸ்பத்திரியின் பெயரை எழுதப்போவதில்லை. கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, அவ்வளவு போதும். அங்கே மட்டும்தான் இப்படி நடக்கிறது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

எங்கள் ஊர் கச்சிராயபாளையத்தை ஒட்டி, மலை அடிவாரம். ஐப்பசி மழை விட்டதும் கரும்பு ஓரத்துப் புதரை நானே வெட்டி ஒதுக்கினேன். சில நாள் கழித்துக் காய்ச்சல் கண்டது. தலையைச் சம்மட்டியால் அடிப்பதுபோல் வலி. உள்ளூர் டாக்டர் மழைக் காய்ச்சல் என்று ஊசி போட்டார். என் வீட்டுக்காரி தனம் வாசலில் வேப்பிலை செருகினாள். ஊசிக்கும் இறங்கவில்லை, வேப்பிலைக்கும் இறங்கவில்லை. மூச்சு வாங்க ஆரம்பித்ததும் பக்கத்து வீட்டு ஆட்டோவில் போட்டுக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு வந்தார்கள்.

உட்கார்ந்து காத்திருக்கிற இடத்தில் இரும்பு நாற்காலிகள் வரிசையாக இருந்தன. உடம்பு கொதிக்கிறவனுக்கு அந்த இரும்பு சுகமாகத்தான் இருந்தது. எனக்கு முன்னால் கைக்குழந்தைக்காரி ஒருத்தி. அவளை முதலில் விடுங்கள் என்று தனம் சொன்னாள். அந்த நிலையிலும் அவளுக்கு அந்த நினைப்பு இருந்ததை இப்போது எண்ணிப் பார்க்கிறேன்.

ரத்தம் எடுத்தார்கள். மஞ்சள் காமாலை இல்லை, டைபாய்டு இல்லை, டெங்கு இல்லை. ரத்தத்தை உறைய வைக்கிற அணுக்கள் மட்டும் குறைந்திருந்தன. டாக்டர் சின்ன வயசு. காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு என் அக்குள், கழுத்து, காது மடலுக்குப் பின்னால் என்று தேட ஆரம்பித்தார். கடைசியில் வேட்டியைத் தளர்த்தச் சொன்னார். எனக்குக் கூச்சம். அரைஞாண் கயிற்றை ஒதுக்கிப் பார்த்தவர், "இதோ இருக்கு பாருங்க" என்றார். கயிறு படிகிற இடத்தில், சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கறுப்புப் பொருக்கு.

"கயிறு உராஞ்சிக் காப்புக் காச்சிப்போச்சின்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்" என்றாள் தனம்.

"இது உண்ணிக் காய்ச்சல்மா. மாட்டுமேல இருக்கிற உண்ணி இல்ல. புதர்ல கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சி. இறுக்கமா துணியோ கயிறோ படுற எடமாப் பாத்துக் கடிக்கும். கடிச்சது வலிக்காது. முன்னமே வந்திருந்தா மாத்திரையிலயே போயிருக்கும்."

முன்னமே வரவில்லை. அன்று மாலைக்குள் எனக்குச் சன்னி கண்டுவிட்டது.

சன்னி என்றால் புத்தி பேதலித்துப் பேசுவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். டாக்டர் பிறகு சொன்னார்: காய்ச்சல் மூளை வரைக்கும் போய்விட்டால், உடம்பில் தண்ணீரும் பிராணவாயுவும் குறைந்துவிட்டால், கண் விழித்திருக்கிறபோதே கனவு நடக்கும், அதுதான் சன்னி, அது பைத்தியமில்லை, காய்ச்சல் இறங்கினால் தெளிந்துவிடும் என்று. எனக்கு நடந்த கனவில் ஆலை லாரி வந்து நிற்கிறது. கரும்பு ஏற்ற ஆள் இல்லை. சிஸ்டர் வெள்ளை உடுப்பில் வந்ததும் அவரை ஆலை ஆபீசிலிருந்து வந்தவர் என்று நினைத்து, கரும்பு வெட்ட உத்தரவை ஏன் இவ்வளவு நாள் தள்ளிப்போட்டீர்கள் என்று சண்டை பிடித்திருக்கிறேன். கையில் ஏறிக்கொண்டிருந்த குளுக்கோஸ் ஊசியைப் பிடுங்கி எறிந்தேன். கட்டிலை விட்டு இறங்கினேன், விழுந்தேன், மறுபடி இறங்கினேன். அப்போதுதான் கட்டினார்கள்.

காயத்துக்குச் சுற்றுகிற வெள்ளைத் துணி உருளை இருக்கிறதே, அதுதான். மணிக்கட்டில் சுற்றி ஒரு முடிச்சு, மறுமுனை கட்டில் கம்பியில் ஒரு முடிச்சு. இரண்டு கை, இரண்டு கால்.

எனக்கு அது நினைவில் இருக்கிறது. நானே கரும்புக் கட்டாகி லாரிமேல் கிடந்தேன். என்மேல் கயிறு போட்டு இறுக்குகிறார்கள். நான் கரும்பு இல்லை, ஆள் என்று கத்துகிறேன். கீழே நிற்கிறவர்கள் காதில் விழவில்லை. மூக்கின் மேல் ஈ உட்காருகிறது. அதை ஓட்ட முடியவில்லை. இருந்த இடத்திலேயே நனைந்துபோனேன். இந்த வயதில் ஒரு ஆண்பிள்ளைக்கு அதைவிட அவமானம் உண்டா? சன்னியில் மற்றதெல்லாம் தப்பாகத் தெரிந்தது. அந்த அவமானம் மட்டும் சரியாகத் தெரிந்தது.

தெளிந்து கண் திறந்தபோது வலது மணிக்கட்டில், வெள்ளைத் துணிக்கு மேல், மஞ்சள் துணி ஒன்று முடிந்திருந்தது.

இதை விளக்கமாகச் சொல்ல வேண்டும். வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. வீட்டில் ஒருத்தர் படுத்துவிட்டால், மஞ்சள் நனைத்த துணியில் காசு முடிந்து அம்மனுக்கு வேண்டிக்கொள்வோம். பல வீடுகளில் அதைச் சாமி அறையில் வைப்பார்கள். தனத்தின் பிறந்த வீட்டில் நோயாளியின் கையிலேயே முடிவார்கள். காய்ச்சல் இறங்கினபிறகு, கட்டின கையே அவிழ்க்க வேண்டும். இடையில் வேறு யாரும் தொடக் கூடாது. தொட்டால் வேண்டுதல் கலைந்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. என் நம்பிக்கையும்தான். இன்றைக்கும் நான் அதைக் கேலி செய்ய மாட்டேன்.

என் விஷயத்தில் எல்லாம் நன்றாக முடிந்தது. நான் தண்ணீர் கேட்டேன். மகள் பெயரைச் சரியாகச் சொன்னேன். தனம் கண்ணை மூடி அம்மனைக் கூப்பிட்டு மஞ்சள் துணியை அவிழ்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு சிஸ்டர் வெள்ளைத் துணிகளை அவிழ்த்தார்.

"இன்னா ஐயா, இன்னிக்கி எத்தினி லோடு ஏத்தனீங்க?" என்று கேட்டார் சிஸ்டர். "என்ன எம்மாம் திட்டு திட்டனீங்க தெரியுமா?"

"மன்னிச்சிடும்மா. ஆளு தெரியாமப் பேசிட்டேன்."

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. கரும்பு வெட்டனதும் எனக்கு ஒரு கட்டு குடுத்தனுப்புங்க."

நல்ல பெண். இதை எழுதும்போதும் அதைத்தான் சொல்கிறேன். இந்தக் கதையில் கெட்டவர் என்று விரல் நீட்ட எனக்கு ஆள் கிடைக்கவில்லை.

அந்த அறையில் இரண்டு கட்டில். அடுத்த கட்டிலுக்குக் கோவிந்தன் வந்தார். கல்வராயன் மலைமேல் ஒரு சின்ன ஊர், மரவள்ளி போடுகிறவர். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். அவருக்கும் அதே காய்ச்சல். காப்பீட்டு அட்டை இருந்ததால் இங்கே கொண்டுவந்து சேர்த்தார்களாம். மலையிலிருந்து கீழே இறங்கி வருவதற்குள்ளேயே சன்னி கண்டிருந்தது. வந்த வேகத்தில் இரண்டு ஆண்கள் பிடித்துக்கொள்ள, சிஸ்டர் கட்டினார். இரண்டு கை, இரண்டு கால், என்னைப் போலவே. மல்லாந்த வாக்கில்.

அவர் பெண்சாதி சின்னப்பொண்ணு கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. அழவும் இல்லை. புருஷனின் பாதத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

தனம்தான் பேச்சுக் கொடுத்தாள். "எந்திரிம்மா. எதுனா சாப்ட்டியா?"

"பசிக்கலக்கா."

"பசிக்காட்டி போவுது, துன்னு. நீயும் வுழுந்துட்டா யாரு பாக்கறது? இந்தா, இட்லி. எங்க வூட்டுக்காரரும் இதே மாதிரிதான் கெடந்தாரு. இப்ப பாரு, காபியில சக்கர கம்மின்னு சண்ட போட்டுக்கினு இருக்காரு."

சின்னப்பொண்ணு என்னைத் திரும்பிப் பார்த்தாள். முதன்முதலாகச் சிரித்தாள். செத்துப் பிழைத்தவன் காபிக்குச் சண்டை போடுகிறான் என்பது அவளுக்குத் தெம்பாக இருந்திருக்க வேண்டும்.

தனம் தன் முந்தானையில் வைத்திருந்த மஞ்சள் துணியில் பாதியைக் கிழித்துக் கொடுத்தாள்.

"எங்க மலையில பெருமாளுக்குத்தான் முடிவோம்க்கா."

"பெருமாளுன்னே நெனச்சிக்கினு முடி. அவுங்க ரெண்டு பேரும் அண்ணன் தங்கச்சிதான, பேசிக்குவாங்க. ஆனா நீயே கட்டு, நீயே அவு. காச்சல் எறங்கற வரைக்கும் யாரையும் தொட வுடாத."

சின்னப்பொண்ணு காசு முடிந்து, கோவிந்தனின் வலது மணிக்கட்டில், வெள்ளைத் துணியின் முடிச்சுக்கு மேலேயே கட்டினாள். தனம் எனக்குக் கட்டின அதே இடம்.

மறுநாள் காலையில் கோவிந்தனுக்கு ஆட்டம் கம்மியாகிவிட்டது. காய்ச்சல் இன்னும் இருந்தது. பேச்சு தெளிந்திருந்தது. என்னைப் பார்த்து, "அண்ணே, எந்த ஊரு?" என்று கேட்டார். சொன்னேன். "அங்கதான் நாங்க சந்தைக்கு எறங்குவோம்" என்றார். பிறகு கையை இழுத்துப் பார்த்தார். "மாட்டக்கூட இப்டி கட்ட மாட்டோம்ணே. பால் கறக்கறப்ப கால மட்டுந்தான் கட்டுவோம். அதுவும் ஒதைக்கிற மாடா இருந்தா."

"நீ நேத்து ஒதச்சிட்டியாம்."

"யார?"

"ரெண்டு பேர."

"அப்ப சரிதான்" என்று சிரித்தார். "மூக்கு அரிக்குதுண்ணே." சின்னப்பொண்ணு எழுந்து சொறிந்துவிட்டாள்.

சிஸ்டர் கட்டைத் தளர்த்திப் பார்க்க வந்தார். வலது பக்கமாகத்தான் வந்தார். முடிச்சுக்குக் கை போனதும் மஞ்சள் துணியைப் பார்த்துவிட்டு நின்றார்.

"இன்னாம்மா இது?"

"வேண்டுதலு சிஸ்டர். காச்சல் எறங்கனதும் நானே அவுக்கணும்."

சிஸ்டர் விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "சரி சரி. நான் தொடலம்மா." மற்ற மூன்று கட்டுகளையும் தொடவில்லை. ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் அவிழ்ப்பானேன் என்று நினைத்தாரோ, வேறு வேலை கூப்பிட்டதோ, தெரியாது. பிறகு டாக்டர் சுற்று வந்தார். "இன்னும் கட்டிதான் இருக்கா?" என்று கேட்டார். "வேண்டுதல் கட்டியிருக்காங்க டாக்டர்" என்றார் சிஸ்டர். "சரி, சாயந்திரம் பாக்கலாம்." அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

அந்தத் துணிக்கு எல்லாரும் பயந்தோம். சின்னப்பொண்ணு பயந்தாள், தனம் பயந்தாள், படித்த சிஸ்டரும் பயந்தார். சாமிக்குப் பயந்த கூட்டம் சுற்றி நிற்க, நடுவில் ஒரு மனிதன் மல்லாந்து கிடந்தான்.

மத்தியானம். சின்னப்பொண்ணு சீட்டை வாங்கிக்கொண்டு கீழே மருந்துக் கடைக்குப் போனாள். போகுமுன் கோவிந்தனுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டுப் போனாள். தலையைக் கையால் தூக்கிப் பிடித்துத்தான் ஊட்டினாள். தனம் எனக்கு மோர் வாங்கப் போயிருந்தாள். அறையில் நாங்கள் இருவர் மட்டும்.

கோவிந்தன் குமட்டினார். அப்புறம் வாந்தி வந்தது. மல்லாந்து கிடக்கிறவனுக்கு வாந்தி வந்தால் எங்கே போகும்? தலையை மட்டும் என் பக்கம் திருப்பினார். தோளைத் திருப்ப முடியவில்லை. கைகள் இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டிருந்தன. கண் என்னைத்தான் பார்த்தது. தொண்டைக்குள் களகள என்று ஒரு சத்தம்.

கத்தினேன். குரல் வரவில்லை. சன்னியில் ஊரைக் கூட்டின குரல், வேண்டிய நேரத்தில் வரவில்லை. டம்ளரை எடுத்துக் கட்டில் கம்பியில் அடித்தேன். கால் ஊன்றி இறங்கினேன். முழங்கால் மடங்கி இரண்டு கட்டிலுக்கும் நடுவில் விழுந்தேன். சத்தம் கேட்டுச் சிஸ்டர் ஓடி வந்தார். வலது கைக்குப் போனார். முடிச்சு மேல் முடிச்சு. நனைந்து இறுகியிருந்தது. ஒரு கணம் அவர் விரல் மஞ்சள் துணிமேல் நின்றதை நான் தரையிலிருந்து பார்த்தேன். பிறகு கத்தரிக்கோலுக்கு ஓடினார்.

வெட்டி ஒருக்களித்துப் போடும்போது கோவிந்தனின் முகம் நீலம் பாரித்திருந்தது. டாக்டர் வந்தார், குழாய் வைத்து உறிஞ்சினார்கள், நெஞ்சை அழுத்தினார்கள். என்னைத் தூக்கிக் கட்டிலில் போட்டு நடுவில் திரையை இழுத்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் கேட்டதை எழுத எனக்கு மனசு வரவில்லை. சின்னப்பொண்ணு மருந்துப் பையோடு திரும்பி வந்து திரைக்கு வெளியே நின்றாள். "அக்கா எங்க?" என்று என்னைக் கேட்டாள். அதற்கு மட்டும் பதில் சொன்னேன்.

சிஸ்டர் அவசரத்தில் வெள்ளைத் துணியைத்தான் வெட்டியிருந்தார், மஞ்சள் முடிச்சுக்கும் கட்டில் கம்பிக்கும் நடுவில். கட்டில் கம்பியில் தொங்கிய துண்டுகளை அள்ளிப்போனார்கள். கையில் ஒட்டியிருந்த வெள்ளையையும் உருவினார்கள். மஞ்சள் துணியை யாரும் தொடவில்லை. ஆகவே கோவிந்தனின் உறவுக்காரர்கள் வந்து பார்த்தபோது, உடம்பில் இருந்த ஒரே கட்டு மஞ்சள் கட்டுதான். சின்னப்பொண்ணு அதைத் தன் கையாலேயே அவிழ்த்தாள்.

நான் பிழைத்து வீடு வந்தேன். பில்லைக் கட்ட மருமகன் பேசாமல் ஏற்பாடு செய்துவிட்டார், எவ்வளவு என்று இன்றைக்கும் என்னிடம் சொல்லவில்லை. தனம் எனக்குக் கஞ்சி கொடுக்கும்போதெல்லாம் உட்காரவைத்துத்தான் கொடுத்தாள்.

தை பிறந்து கரும்பு வெட்டுகிற சமயத்தில் சின்னப்பொண்ணு எங்கள் வீட்டுக்கு வந்தாள். கூட ஒரு வக்கீல் தம்பி. கோவிந்தனின் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் கட்டின தடம் இருந்ததைப் பார்த்து அவர் அண்ணன் புகார் கொடுத்திருக்கிறார். ஆஸ்பத்திரி பதில் எழுதியது: நோயாளியை உறவினரே மத நம்பிக்கையின் பேரில் துணியால் கட்டியிருந்தார், அவிழ்க்க அனுமதிக்கவில்லை. அவ்வளவுதான். அதைப் படித்ததும் அண்ணன்காரரின் கோபம் ஆஸ்பத்திரியை விட்டு இவள்மேல் திரும்பிவிட்டது.

"கட்டிக் கொன்னவன்னு சொல்றாங்கக்கா" என்றாள் சின்னப்பொண்ணு. "மாமியா வூட்ல என்ன உள்ள வுடல. மரவள்ளிக் காட்டுல கால வெக்காதன்றாங்க. எம்புள்ளயே என்ன ஒரு மாதிரியா பாக்குது."

தனம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வக்கீல் தம்பி விளக்கினார். ஆஸ்பத்திரியில் நோயாளியைக் கட்டவே கூடாது என்றில்லை. தன்னையோ பிறரையோ காயப்படுத்திக்கொள்வார் என்றால் கட்டலாம். ஆனால் டாக்டர் அதை எழுதி வைக்க வேண்டும். அடிக்கடி வந்து பார்க்க வேண்டும். விரல் நீலமாகிறதா, மூச்சு சீராக இருக்கிறதா, இன்னமும் கட்டு தேவையா என்று கவனிக்க வேண்டும். வாந்தி வந்தால் வெளியேறும்படி ஒருக்களித்துக் கிடத்த வேண்டும். ஆட்டம் நின்றதும் அவிழ்க்க வேண்டும். கோவிந்தனின் காகிதங்களில் கட்டினதாகவே ஒரு வரி இல்லை.

"இந்த மாதிரி கட்டிக் கெடந்து எத்தினி பேர் செத்திருக்காங்கன்னு தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல மனு போட்டேங்க ஐயா. ஒரு எடம் இல்ல, பல எடத்துக்கு. அந்த மாதிரி தனிக் கணக்கு வெக்கிறது இல்லன்னு பதில் வந்துது. காச்சல்ல செத்தவங்க இருக்காங்க. மூச்சுத் திணறி செத்தவங்க இருக்காங்க. நெஞ்சு நின்னு செத்தவங்க இருக்காங்க. கட்டிக் கெடந்து செத்தவங்க ஒருத்தர்கூட ஏட்டுல இல்ல."

"நான் பாத்தேன் தம்பி. நான் வந்து சொல்றேன்" என்றேன்.

புகாரை விசாரிக்கிற சுகாதாரத் துறை அதிகாரியிடம் போனோம். நான், தனம், சின்னப்பொண்ணு, வக்கீல் தம்பி. அதிகாரி மரியாதையாகத்தான் நடத்தினார். உட்காரச் சொன்னார். நான் பார்த்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவை நிறுத்தினார்.

"உங்க டிஸ்சார்ஜ் காகிதத்துல உங்களுக்கே சன்னி இருந்ததுன்னு போட்டிருக்கே ஐயா?"

"அது முன்ன. அப்ப தெளிஞ்சிட்டேங்க."

"தெளிஞ்சிட்டீங்கன்னு எப்ப எழுதியிருக்காங்க தெரியுமா? வூட்டுக்கு அனுப்பன அன்னிக்கி. நடுவுல நீங்க பாத்தது எது, காச்சல்ல பாத்தது எதுன்னு நான் எப்டி எடுத்துக்கறது? தப்பா நெனச்சிக்காதீங்க."

அவர் சொன்னதும் நியாயம்தானே? லாரி வந்ததையும் நான் கண்ணால்தான் பார்த்தேன். கோவிந்தன் செத்ததையும் கண்ணால்தான் பார்த்தேன். இரண்டையும் பார்த்தது ஒரே ஆள். சின்னப்பொண்ணு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வீடு, காடு, பிள்ளை எல்லாமே என் வாயில் இருந்தன. அந்த வாயை நம்ப முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

"நான் சொல்றங்க" என்றாள் தனம்.

அவள் எழுந்து நின்றாள். அதிகாரி உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"எனக்குக் காச்சலும் இல்ல, சன்னியும் இல்ல. அந்த மஞ்சத் துணிய குடுத்தது நான். கைல கட்டுன்னு சொன்னது நான். யாரையும் தொட வுடாதன்னு சொன்னதும் நான்தான். இவ இல்ல. இவளுக்கு அந்தப் பழக்கமே கெடையாது."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "அப்ப அவுக்க வுடாம பண்ணது நீங்கதான்னு எழுதிக்கவா?"

"எழுதிக்குங்க. எங்க ஊர்ல இன்னா பேசுவாங்கன்னு எனக்குத் தெரியும். எழுதிக்குங்க. ஆனா ஒண்ணு. நான் குடுத்தது ஒரு துணி, ஒரு கைக்கி. அதுக்கு அடியில வெள்ளத் துணி இருந்துது. அது ஆசுபத்திரித் துணி. நாங்க வர்றப்ப எடுத்துக்கினு வர்ல. இன்னொரு கைல மஞ்சளே கெடையாது. ரெண்டு கால்லயும் கெடையாது. அந்த மூணையும் அவுத்திருந்தா அந்த ஆளு பொரண்டாவது படுத்திருப்பான். சாமி அதுக்குக் குறுக்க நிக்கலயே? அத ஏன் அவுக்கல?"

அதிகாரி எழுதினார். எழுதினதைப் படித்துக் காட்டினார். தனம் கையெழுத்துப் போட்டாள்.

அவள் சொன்னது ஊருக்குள் வந்து சேர ஒரு வாரம்கூட ஆகவில்லை. கோயிலில் விளக்குப் பூஜைக்கு இரண்டு பேர் அவள் பக்கத்தில் உட்காராமல் எழுந்து போனார்கள். அவள் அசையவில்லை. குத்துவிளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே இருந்தாள். வேண்டுதல் முடிவதை அவள் விடவில்லை. இப்போது சாமி அறையில்தான் முடிந்து வைக்கிறாள். யார் கையிலும் கட்டுவதில்லை. அம்மன் அதையும் கேட்டுக்கொள்வாள் என்று நாங்கள் நம்புகிறோம்.

இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்லிக்கொள்வது இதுதான். உங்கள் ஆளை ஆஸ்பத்திரியில் கட்டினால் கோபப்படாதீர்கள், சும்மாவும் இருக்காதீர்கள். எதற்காகக் கட்டினீர்கள், எப்போது அவிழ்ப்பீர்கள் என்று கேளுங்கள். ஒருக்களித்துப் படுக்க வைக்கச் சொல்லுங்கள். கட்டினதைக் காகிதத்தில் எழுதச் சொல்லுங்கள். படுத்த வாக்கில் கஞ்சி கொடுக்காதீர்கள். பக்கத்தை விட்டு நகராதீர்கள். சாமிக்கு முடிவதை வீட்டில் முடியுங்கள்.

விசாரணை முடிவு வந்தபோது வக்கீல் தம்பி சின்னப்பொண்ணையும் எங்களையும் கள்ளக்குறிச்சிக்கு வரச் சொன்னார். பேருந்து நிலையத்துக்கு வெளியே டீக்கடை நிழலில் நின்றுகொண்டு அதைப் படித்தார். பெரிய தமிழில் எழுதியிருந்தது. எனக்கே பாதிதான் புரிந்தது. கடுமையான காய்ச்சல், அதனால் வாந்தி, மூச்சுக்குழாயில் அடைப்பு, மரணம்.

சின்னப்பொண்ணு கடைசி வரைக்கும் கேட்டாள். பிறகு, "நான் கட்டனதா அதுல இருக்குதா சார்?" என்றாள்.

"இல்லம்மா. அத எடுத்துட்டாங்க. இவங்க சொன்னதுக்கப்புறம் அந்த வரி இல்ல. இத காட்டி நீ வூட்டுக்குப் போலாம். உன்ன யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

"அவுங்க கட்டனதா இருக்குதா?"

வக்கீல் தம்பி காகிதத்தை மறுபடி ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "அதுவும் இல்லம்மா."

அவள் தனத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அப்ப யாருமே கட்டாமயா செத்தாரு?" என்றாள்.

மலைக்குப் போகிற பேருந்து வந்தது. காகிதத்தை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு ஏறினாள்.

எந்த ஏட்டிலும் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். கோவிந்தனைக் கட்டியிருந்தார்கள். இரண்டு கை, இரண்டு கால். எனக்கு அப்போது காய்ச்சல் இல்லை.